பெஞ்சமின் பட்லர்

உலக வரலாற்றில் எல்லாராலும் போற்றப்படுவோர் சிலர். எல்லாராலும் தூற்றப்படுவோர் சிலர். ஒரு சாரார் போற்ற, மற்றொரு சாரார் தூற்ற, இரு சாராரும் மறக்க இயலாதவாறு வாழ்ந்து மறைந்தோரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வழக்கறிஞராகவும், படைத்தலைவராகவும், அரசியல் தலைவராகவும் விளங்கிய பெஞ்சமின் பட்லர் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவர். தென்மாநிலங்களில் வாழ்ந்த வெள்ளையர் அவரை விலங்கு என்று இகழ்ந்தனர். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடி வந்த கறுப்பின மக்களோ, அவர் தலைமை தாங்கிய கோட்டையை விடுதலைக் கோட்டை என்று வாழ்த்தினர். ஒரே மனிதருக்கு இகழும் புகழும் இவ்வாறு ஒருங்கே வாய்த்தது எங்ஙனம் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறு விளக்கும்.

இளமைப் பருவம்

பட்லர் 1818-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டீர்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் கடல் வாணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். மகன் பிறந்த சில மாதங்களுக்குள்ளாகவே அவர் மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். தாயார் சார்லட் அம்மையார் வறுமையை எதிர்த்துப் போராடி மக்களை வளர்த்தார். 1828-ஆம் ஆண்டில் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லோவெல் நகரில் குடியேறினார். அந்நகரில் ஆற்று நீரின் விசையால் இயங்கும் பெரிய பஞ்சாலைகள் அக்காலத்தில் எழுந்து வந்தன. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் ஆலை வேலை தேடி அங்கு வந்தனர். அவர்கள் தங்கி உண்பதற்குரிய விடுதியொன்றை நடத்திச் சார்லட் அம்மையார் தம் குடும்பத்தைக் காத்தார்.

சிறுவர் பட்லர் உடல் வலிமை குன்றியவர். ஒரு கண் சற்றே மாறுகண்ணாகவும் இமை தாழ்ந்தும் இருந்தது. ஆயினும் படிப்பில் ஆர்வம் மிக்கவர், நினைவாற்றல் மிகுந்தவர், வாதாடுவதில் யாருக்கும் அஞ்சாதவர். வெஸ்ட் பாயிண்ட் என்னும் இடத்திலுள்ள படைப்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து போர்க்கலை பயில வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. மகன் சமயப் பணியாளர் ஆக வேண்டும் என்று தாயார் விரும்பினார். அவ்விருப்பமும் நிறைவேறவில்லை. மேய்ன் மாநிலத்தில் வாட்டர்வில் கல்லூரியில் பயின்று, 1838-ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற பட்லர், சட்டம் படித்து 1840-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் ஆனார்.

வழக்கு மன்றத்தில்

லோவெல் நகரில் பட்லரின் புகழ் விரைவாகப் பரவியது. சட்ட நூல்களில் பிறர் கண் படாத நுணுக்கங்களை அவர் கண்டறிந்து பயன்படுத்துவார். எதிரி எந்த வாதத்தைத் தமக்கு அரண் என்று எண்ணுகின்றாரோ, அந்த வாதத்தையே கருவியாகக் கொண்டு அவரை வீழ்த்துவார். ஆலைப் பெண் ஒருத்திக்கு வர வேண்டிய கூலியை முதலாளிகள் தர மறுத்தபோது, அவ்வாலையை இயக்கும் நீர்ச்சக்கரத்தையே அவர் நீதிமன்ற ஆணையால் கைப்பற்ற முயன்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சக்கரம் நின்றால் ஆலை முழுவதும் நிற்கும். சிறு தொகைக்காக ஆலையை நிறுத்துவதற்கு எந்த முதலாளிதான் உடன்படுவார்?

ஆலைத் தொழிலாளர் அக்காலத்தில் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் உழைத்து வந்தனர். வேலை நேரம் பத்து மணியாகக் குறைக்கப்பட வேண்டும் என்று பட்லர் போராடினார். அவரே பின்னாளில் ஆலைப் பங்குகளை வாங்கிச் செல்வரானபோதும் இக்கொள்கையை அவர் கைவிடவில்லை. பெண்களுக்கும் சிறார்க்கும் பத்து மணி நேர வேலை என்னும் சட்டம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1874-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.

1844-ஆம் ஆண்டில் பட்லர் சாரா ஹில்ட்ரெத் என்னும் நாடக நடிகையை மணந்தார். 1850-ஆம் ஆண்டுகளில் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் அவர் உறுப்பினராக இருந்தார். மாநிலத் தொண்டர் படையிலும் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து படைத்தலைவர் பதவியை அடைந்தார். வெஸ்ட் பாயிண்டில் கிட்டாத போர்ப் பதவி இவ்வழியே அவரை வந்தடைந்தது.

அரசியலில் அவர் ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தவர். அக்கட்சியில் அடிமை முறையைக் காக்க விரும்பிய தென்மாநிலத் தலைவர்கள் செல்வாக்குப் பெற்றிருந்தனர். பட்லர் அடிமை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். தென்மாநிலத்தாரை மனம் நிறைவுறச் செய்து நாட்டின் ஒற்றுமையைக் காக்கலாம் என்று அவர் நம்பினார். 1860-ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டன் நகரில் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குரிய வேட்பாளரைத் தெரிந்தெடுக்கக் கட்சி மாநாடு கூடியது. அங்கே ஜெபர்சன் டேவிஸ் என்னும் தென்மாநிலத் தலைவருக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட தடவைகள் பட்லர் வாக்களித்தார். அதே டேவிஸ் இரண்டே ஆண்டுகளில் பட்லரைக் கண்ட இடத்தில் தூக்கிலிட ஆணையிடுவார் என்பதை அன்று யாரும் அறியார்.

போர் மூண்டது

அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில் 1860-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக வாழ்ந்தனர். பருத்தித் தோட்டங்களில் உழைத்த அவர்கள், ஆடுமாடுகளைப் போல விற்கப்பட்டனர், வாங்கப்பட்டனர். தாய் ஒருவருக்கும் சேய் வேறொருவருக்கும் விலையாயினர். அடிமை முறை மேலும் பரவுவதை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டதும், தென்மாநிலங்கள் பல நாட்டை விட்டுப் பிரிந்து தனிக் கூட்டமைப்பை நிறுவின. ஜெபர்சன் டேவிஸ் அதன் தலைவரானார். 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் சம்டர் கோட்டையின்மேல் தென்மாநிலப் படையினர் குண்டு பொழிந்தனர். உள்நாட்டுப் போர் தொடங்கியது.

பழைய நண்பர்கள் ஒரு புறம்; நாட்டின் ஒற்றுமை மறு புறம். பட்லர் சிறிதும் தயங்கவில்லை. மாசசூசெட்ஸ் படையுடன் தலைநகராகிய வாஷிங்டனைக் காக்கப் புறப்பட்டார். வழியிலுள்ள பால்டிமோர் நகரத்தில் கலகம் மூண்டு பாதை அடைபட்டது. பட்லர் நீராவிப் படகொன்றைக் கைக்கொண்டு, கடல் வழியே அனாப்பொலிஸ் துறையை அடைந்தார். அங்கே இருப்புப்பாதை பெயர்க்கப்பட்டும், இரயில் எஞ்சின் பழுதுபட்டும் கிடந்தன. அவர் படையில் ஆலைத் தொழிலாளரும் கம்மியரும் இருந்தனர். அவர்கள் எஞ்சினைச் செப்பனிட்டனர். தண்டவாளங்களை மீண்டும் பதித்தனர். தலைநகருக்கு வழி திறந்தது. மே மாதத்தில் மேலிடத்தின் ஆணையை எதிர்பாராமலே பட்லர் பால்டிமோர் நகரையும் கைப்பற்றினார். பொதுமக்கள் அவரைப் பாராட்டினர். தலைமைத் தளபதியோ சினந்து, அவரை வர்ஜீனியாக் கடற்கரையிலுள்ள மன்ரோ கோட்டைக்கு அனுப்பினார். அதே வேளையில் அவருக்குப் பெருந்தளபதிப் பதவியும் வழங்கப்பட்டது.

மன்ரோ கோட்டை

மன்ரோ கோட்டை நின்ற நிலமுனை அமெரிக்க வரலாற்றில் ஒரு துயர நினைவுக்கு உரியது. 1619-ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் குடியேறியிருந்த வர்ஜீனியாவிற்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் அந்த முனையிலேதான் கரையிறக்கப்பட்டனர். அவர்கள் இருபதுக்குச் சற்று மிகுதியானவர்கள். 242 ஆண்டுகளுக்குப் பின்னர், அடிமை முறையின் முடிவுக்குரிய முதல் அடியும் அந்த முனையிலேயே எடுத்து வைக்கப்பட்டது.

அவ்வடியை எடுத்து வைத்தவர் மூன்று அடிமைகள். பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்பன அவர்தம் பெயர்கள். மல்லோரி என்னும் தென்மாநிலப் படை அதிகாரி அவர்களுக்கு உரிமையாளர். கோட்டைக்கு எதிர்க்கரையில் பீரங்கி மேடை அமைக்கும் வேலையில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். குடும்பத்தைப் பிரித்துத் தம்மைத் தொலைவிடத்துக்குக் கொண்டுசெல்ல உரிமையாளர் எண்ணியிருப்பதை அவர்கள் அறிந்தனர். மே 23-ஆம் நாள் இரவில் சிறு படகொன்றில் ஏறி, இருளில் நீரைக் கடந்து, கோட்டைக் காவலர்முன் வந்து நின்றனர். அவர்களைக் காவலர் சுட்டுவிடலாம். உரிமையாளரிடமே திருப்பி அனுப்பிவிடலாம். திரும்பினால் கசையடி உறுதி. அதனினும் கொடிய தண்டனையும் நேரலாம். இவற்றையெல்லாம் அறிந்தே அவர்கள் வந்தனர்.

சட்டம் அவர்களுக்குத் துணையாக இல்லை. ஓடிப்போன அடிமையைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டிருந்தது. போர் அடிமை முறையை ஒழிப்பதற்கு அன்று, நாட்டின் ஒற்றுமையைக் காப்பதற்கே என்று லிங்கன் அரசும் அறிவித்திருந்தது. வேறு இடங்களில் வடமாநிலத் தளபதிகள் ஓடிவந்த அடிமைகளைத் திருப்பி அனுப்பினர். பட்லரோ கோட்டைக்கு வந்து இரண்டு நாளே ஆகியிருந்தன. அவர் மூவரையும் தனித்தனியே அழைத்து வினவினார். அவர்கள் பகைவரின் பீரங்கி மேடையில் வேலை செய்தவர்கள் என்பதை அறிந்தார். தம் படைக்கு வேலையாட்கள் தேவைப்படுவதையும் எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் வெண்கொடி ஏந்தி, கேரி என்னும் தென்மாநில அதிகாரி வந்தார். மூன்று அடிமைகளையும் சட்டப்படி திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். பட்லரின் உள்ளத்தில் உறங்கிய வழக்கறிஞர் விழித்துக்கொண்டார். அந்தச் சட்டம் அமெரிக்க நாட்டின் சட்டம். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று சொல்லிக்கொள்கிறது. ஆதலின் அயல்நாட்டார் அச்சட்டத்தின் பயனைக் கேட்க இயலாது என்று அவர் விடை கூறினார். பிரிவினை செல்லாது என்று கூறும் வடமாநிலத்தார் இவ்வாறு வாதிடலாமோ என்று கேரி மடக்கினார். பிரிந்துவிட்டோம் என்று கூறுவோர் நீங்களே. ஆகவே உரிமை கொண்டாட உங்களுக்கு இடமில்லை என்றார் பட்லர். அடிமைகளை உடைமை என்று கூறுபவரும் நீங்களே. பகைவர் போருக்குப் பயன்படுத்தும் உடைமையைப் பறிமுதல் செய்வது போர்ச் சட்டம் தரும் உரிமை. எனவே இம்மூவரையும் போர்த் தடைப்பொருளாக எடுத்துக்கொண்டேன் என்று முடித்தார். உரிமையாளர் கோட்டைக்கு வந்து நாட்டுக்கு உண்மையாக நடப்பதாக உறுதி கூறினால் தம் ஆட்களைப் பெற்றுச் செல்லலாம் என்றும் சொல்லியனுப்பினார். உரிமையாளர் வரவில்லை.

மனிதரைப் பொருள் என்று கூறியதே தென்மாநிலத்தார் செய்த பெருங்கொடுமை. அந்தச் சொல்லையே எடுத்து அவர்கள் பிடியைத் தளர்த்தினார் பட்லர். ஆயினும் அவர் அன்று அம்மூவரை மனிதர் என்று அறிவிக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். விடுதலை அளிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அத்தகைய நோக்கமும் அன்று அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் திறந்தது ஒரு சிறு சாளரமே. அதை அகன்ற வாயிலாக ஆக்கியவர்கள் அடிமை மக்களே ஆவர்.

செய்தி காட்டுத்தீப் போலப் பரவியது. ஓரிரு நாட்களில் எட்டுப் பேர் வந்தனர். பின்னர் நாற்பதுக்கு மேற்பட்டோர் வந்தனர். பீரங்கி மேடையில் வேலை செய்தோர் மட்டும் அல்லர்; முதியோரும், கைக்குழந்தையை ஏந்திய தாய்மாரும் வந்தனர். ஜூலை முடிவில் பட்லர் போர் அமைச்சருக்கு அனுப்பிய கணக்கு 900 பேர் என்று காட்டுகிறது. அவர்களுள் உழைக்கவல்ல ஆடவர் 300 பேரே. மகளிர் 175 பேர். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 225 பேர்.

இந்தக் குழந்தைகளும் பறிமுதல் செய்யப்பட்ட போர்ப் பொருள்களோ? தம் வாதமே தம்மிடம் வினா எழுப்புவதைப் பட்லர் உணர்ந்தார். இவர்கள் அடிமைகளா, உரிமையுடையோரா என்று அமைச்சரிடம் எழுத்து மூலம் கேட்டார். இவர்கள் பொருள் என்றே கொண்டாலும், கடலில் கைவிடப்பட்ட கப்பலைப் போல உரிமையாளரால் கைவிடப்பட்டவர்கள் ஆவர். கண்டெடுத்த நாம் அத்தகைய பொருளை வைத்துக்கொள்ள விரும்பாதபோது, இவர்கள் மீண்டும் மனித நிலையை எய்திவிட்டனர் அல்லவா என்னும் கருத்தை அதில் விளக்கினார். மே மாதத்தில் பொருள் என்று பேசியவர், ஜூலை மாதத்தில் மனிதர் என்று எழுதினார். அம்மக்களை நேரிற் கண்டு பழகிய இரண்டு மாதங்கள் அவரை இம்முடிவுக்குக் கொண்டுவந்தன.

லிங்கன் அரசு பட்லரின் முடிவை ஏற்றுக்கொண்டது. பகைவரின் போர்ப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகளின்மீது உரிமையாளருக்கு இருந்த உரிமையை நீக்கும் சட்டம் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இயற்றப்பட்டது. போர் முடிவதற்குள் பல்லாயிரவர் இவ்வாறு வடமாநிலப் படைகளிடம் அடைக்கலம் புகுந்தனர். 1863-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் லிங்கன் விடுதலை அறிக்கையை வெளியிட்டார். 1865-ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை நாடெங்கும் ஒழித்தது.

நியூ ஆர்லியன்ஸ் நகரில்

1862-ஆம் ஆண்டு ஏப்ரல் முடிவில் கடற்படைத் தலைவர் பாரகட் தென்மாநிலங்களின் பெருநகராகிய நியூ ஆர்லியன்சை வென்றார். மே முதல் நாள் பட்லர் அந்நகரின் ஆட்சியை ஏற்றார். நகர மக்கள் வென்றவர்களை வெறுத்தனர். உணவின்றி ஏழைகள் வாடினர். தெருக்களிலும் கால்வாய்களிலும் குப்பையும் சேறும் நாறிக் கிடந்தன.

அந்நகருக்கு ஆண்டுதோறும் அச்சம் விளைத்த நோய் மஞ்சள் காய்ச்சல். 1853-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் அதற்கு இரையாயினர். அந்நோயைப் பரப்புவது கொசு என்பது அந்நூற்றாண்டு முடியும்வரை மெய்ப்பிக்கப்படவில்லை. பட்லர் வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்துத் தெருக்களையும் கால்வாய்களையும் துப்புரவாக்கினார். நோயுள்ள துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்களை நகரை அணுகவிடாமல் தொலைவில் நிறுத்தினார். அவ்வாண்டு அக்காய்ச்சலால் இறந்தோர் மிகச் சிலரே. தந்தையைக் கொன்ற நோயை மகன் ஓராண்டேனும் தடுத்து நிறுத்தினார். தென்மாநிலக் கூட்டமைப்பின் போர் நிதிக்குப் பொருள் வழங்கிய செல்வரிடம் வரி வாங்கி, அவ்வருவாயால் ஏழைகளுக்கு உணவளித்தார்.

ஆயினும் அந்நகரில் அவர் பெற்ற பெயர் இவற்றால் வந்ததன்று. நாட்டுக் கொடியை இறக்கிக் கிழித்த மம்போர்டு என்பவரை ஜூன் 7-ஆம் நாள் அவர் தூக்கிலிட்டார். அக்கொடி இறக்கப்பட்டபோது நகரம் முறைப்படி சரணடைந்திருக்கவில்லை. ஆதலின் அத்தண்டனை நீதியன்று என்று பலர் கூறினர். நகர மகளிர் சிலர் வடமாநில வீரரைத் தெருவில் இகழ்ந்தும், அவர்மேல் உமிழ்ந்தும் வந்தனர். அவ்வாறு இகழும் பெண், மதிப்பிழந்த பரத்தையாகவே கருதி நடத்தப்படுவாள் என்று மே 15-ஆம் நாள் பட்லர் ஆணை பிறப்பித்தார். இகழ்ச்சி நின்றது, ஆனால் உலகமே பட்லரை இகழ்ந்தது. இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் பாமர்ஸ்டன் தம் நாட்டு நாடாளுமன்றத்தில் அவ்வாணையைக் கண்டித்தார். மகளிரின் மானத்தோடு விளையாடும் ஆணை எவ்வளவு பயன் தரினும் இழுக்குடையதே.

அந்நகரில் பட்லரின் உடன்பிறந்தார் ஆண்ட்ரு, போர்க்கால வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டினார். பட்லரும் வெள்ளிக் கரண்டிகளைத் திருடினார் என்று பகைவர் பழி தூற்றினர். அவர் தாமே திருடினார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் உறவினர் ஊதியம் பெறுவதைக் கண்டும் அவர் தடுக்கவில்லை என்னும் குறை நீங்காது நின்றது. 1862-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெபர்சன் டேவிஸ் அவரைக் கொடுங்குற்றவாளி என அறிவித்து, பிடிபட்டவுடன் தூக்கிலிட ஆணையிட்டார். அதே மாதத்தில் லிங்கன் அரசு அவரை மாற்றி வேறொருவரை அங்கு அனுப்பியது.

கறுப்பின வீரர்

கறுப்பின மக்களைப் படையில் சேர்க்கவேண்டும் என்று பட்லரின் கீழ்ப் பணியாற்றிய பெல்ப்ஸ் என்னும் தளபதி வேண்டியபோது, பட்லர் முதலில் மறுத்தார். சில வாரங்களுக்குள் அவரே மனம் மாறி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினத்தாரைக் கொண்டு படைப்பிரிவுகளை அமைத்தார். அவற்றுள் முதலாவது 1862-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பணியில் சேர்ந்தது.

1864-ஆம் ஆண்டில் பட்லர் வர்ஜீனியாவில் பெரும்படை ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். செப்டம்பர் 29-ஆம் நாள் நியூ மார்க்கெட் மேட்டைத் தாக்கும் பொறுப்பைக் கறுப்பின வீரரிடம் அவர் ஒப்படைத்தார். அவர்கள் குண்டு மழையில் தடைவேலிகளைக் கோடரியால் வெட்டி முன்னேறி அம்மேட்டைக் கைப்பற்றினர். நூற்றுக்கணக்கானோர் வீழ்ந்தனர். அப்போரில் காட்டிய வீரத்துக்காகக் கறுப்பின வீரர் 14 பேர் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றனர். பட்லரும் அவ்வீரர்க்கெனத் தனியே வெள்ளிப் பதக்கங்கள் செய்வித்து வழங்கினார்.

நாவன்மை மிக்க பட்லர் போர்க்கலையில் வல்லவர் அல்லர். 1864-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிச்மண்டு நகரை நோக்கிச் சென்ற அவர் படை, இரு ஆறுகளுக்கிடையே உள்ள நிலப்பகுதியில் சிறு படையால் தடுக்கப்பட்டு, தக்கையிட்ட குப்பிக்குள் அகப்பட்டது போல அடைபட்டது. டிசம்பரில் அவர் பிஷர் கோட்டையைத் தகர்க்க எண்ணி, வெடிமருந்து நிறைந்த பழைய கப்பலொன்றைக் கோட்டையருகே வெடிக்கச் செய்தார். பேரொலி எழுந்தது, கோட்டைக்கு ஒரு கேடும் நேரவில்லை. கரையிறங்கிய படையையும் அவர் திரும்ப அழைத்துக்கொண்டார். அக்கோட்டையைக் கைப்பற்ற இயலாது என்பது அவர் துணிபு. 1865-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஜனவரி 15-ஆம் நாள் வேறொரு தளபதி அதே கோட்டையைக் கைப்பற்றினார்.

மக்கள் மன்றத்தில்

போருக்குப் பின்னர்ப் பட்லர் குடியரசுக் கட்சியில் சேர்ந்து, 1867-ஆம் ஆண்டு முதல் நாட்டின் மக்கள் அவையில் உறுப்பினராக இருந்தார். லிங்கனுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரு ஜான்சன் மீது 1868-ஆம் ஆண்டில் குற்ற விசாரணை நடந்தபோது, குற்றம் சாட்டும் தரப்பில் முன்னின்று வாதாடியவர் பட்லரே. செனட்டு சபையில் 35 பேர் குற்றம் என்றும் 19 பேர் குற்றமில்லை என்றும் வாக்களித்தனர். ஒரே ஒரு வாக்குக் குறைந்தமையால் ஜான்சன் தப்பினார்.

தென்மாநிலங்களில் கு கிளக்ஸ் கிளான் என்னும் கொடிய கூட்டத்தார், வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்களை இரவில் தாக்கியும் கொன்றும் வந்தனர். அக்கூட்டத்தை ஒடுக்க 1871-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பட்லர் பெரிதும் உழைத்தார். விடுதி, வண்டி, நாடக அரங்கு ஆகிய பொது இடங்களில் எல்லா இனத்தார்க்கும் சம உரிமை வேண்டும் என்று சார்லஸ் சம்னர் தொடங்கிய சட்டத்தை, அவர் மறைவுக்குப் பின்னர் 1875-ஆம் ஆண்டில் நிறைவேற்றியதில் பட்லருக்குப் பெரும்பங்கு உண்டு. நியூ மார்க்கெட் மேட்டில் வீழ்ந்து கிடந்த வீரரின் முகங்களை நினைவுகூர்ந்து, அவர்தம் இனத்தார்க்கு உரிமை பெற்றுத் தருவதாக அன்றே தாம் உறுதி பூண்டதை 1874-ஆம் ஆண்டில் அவர் அவையில் எடுத்துரைத்தார். 1883-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பகுதிகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அவ்வுரிமை மீண்டும் சட்டமாக 1964-ஆம் ஆண்டுவரை அம்மக்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆளுநராக

பலமுறை முயன்று தோற்ற பட்லர், மீண்டும் ஜனநாயகக் கட்சியின் துணையோடு மாசசூசெட்ஸ் ஆளுநராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, 1883-ஆம் ஆண்டில் ஓராண்டு அப்பதவியில் இருந்தார். ஜார்ஜ் ரபின் என்னும் கறுப்பினத்தவரை நீதிபதியாக அமர்த்தினார். அம்மாநிலத்தில் அப்பதவியை அடைந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. போர்க்களத்தில் புண்பட்டோர்க்குத் தொண்டு செய்து புகழ்பெற்ற கிளாரா பார்ட்டன் அம்மையாரைப் பெண்கள் சிறைக்குத் தலைவராக்கினார். டியூக்ஸ்பரி என்னுமிடத்திலிருந்த ஏழையர் விடுதியில் நடந்த கொடுமைகளை வெளிப்படுத்தினார். கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆசிரியராய் விளங்கிய ஆன் சல்லிவன், சிறு வயதில் அவ்விடுதியில் வாழ்ந்து துயருற்றவரே ஆவார்.

மாசசூசெட்ஸ் ஆளுநர்க்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் சிறப்புப் பட்டம் வழங்குவது நெடுநாளைய வழக்கம். பட்லருக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாது பட்டமளிப்பு விழாவிற்குச் சென்று வந்தார். 1884-ஆம் ஆண்டில் தொழிலாளரும் உழவரும் சார்ந்த சிறு கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். 1893-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் அவர் உயிர் நீத்தார். அவர் உடல் லோவெல் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

பட்லர் கட்சிகள் பல மாறினார், பதவியை விரும்பினார், பொருளையும் விரும்பினார். சினத்தால் கடுஞ்சொற்களும் கடும் ஆணைகளும் பிறப்பித்தார். இவை அவருடைய குறைகள். ஆனால் ஆலைத் தொழிலாளர், ஓடிவந்த அடிமைகள், ஏழையர் விடுதியில் வாடியோர் ஆகிய எளியோர் பக்கம் பல வேளைகளில் துணிந்து நின்றார். ஒரு முறை கொண்ட கருத்து தவறு என்று கண்டால் அதை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை. அடிமை முறையை எதிர்க்காத கட்சியில் வளர்ந்தவர், அடிமைகளாயிருந்தோரின் வாக்குரிமைக்காக வாதாடும் நிலைக்கு வந்தது அதனாலேதான்.

மன்ரோ கோட்டை நிற்கும் இடம் 2011-ஆம் ஆண்டில் நாட்டு நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நினைக்கத் தக்கவர் பட்லர் ஒருவர் மட்டும் அல்லர். உயிரைத் துச்சமென எண்ணி இருளில் படகு செலுத்தி வந்த மூவரும் அவரோடு ஒப்ப நினைக்கத் தக்கவர்கள். அவர்கள் வந்து கதவைத் தட்டாவிடில் பட்லரின் சட்ட அறிவுக்கு வேலை இருந்திராது. பட்லர் கதவைத் திறவாவிடில் அவர்களுடைய துணிவு கசையடியில் முடிந்திருக்கும். எளியோரின் துணிவும் அதிகாரம் உடையவரின் அறிவும் ஒரு நாள் ஒன்று கூடியதால், 242 ஆண்டுக் கொடுமை ஆட்டங்காணத் தொடங்கியது.